ஈயத்தில் எந்த ஈயம்?

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் என் மேஜைக்குத் திரும்பி வந்தது. மூன்று மாதம் முன்பு நானே அதன் ரிலேயை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை, மாற்றிக் கொடுத்தது. “தம்பி, பக்கத்துல ஒரு தட்டு தட்டினா ஓடுது, இல்லேன்னா நின்னுடுது” என்றார் கொண்டுவந்த அம்மா. தட்டினால் ஓடுகிறது என்று யாராவது சொன்னாலே, பழைய டிவி காலத்திலிருந்து எங்கள் கை முதலில் போவது டிரை சால்டரை, அதாவது சரியாகப் பிடிக்காத ஈய மூட்டை, தேடித்தான். போர்டைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ரிலே பின்னைச் சுற்றி, தலைமுடி அளவுக்கு மெல்லிய ஒரு வளையம். ஈயம் பின்னை விட்டு விலகியிருந்தது.

நான் வைத்த ஈயம் அது. அந்த மாதத்தில் அதே போல இன்னும் நான்கு போர்டுகள் திரும்பி வந்தன. ஐந்துக்கும் பொதுவாக இருந்தது புதிதாக வாங்கிய ஒரு சால்டர் ரீல், அதாவது போர்டில் ஒட்டுவதற்கான ஈயக் கம்பிச் சுருள். லேபிளில் 60/40 என்றுதான் போட்டிருந்தது. வழக்கமாக வாங்குவதைவிட விலை பாதிக்கும் கீழே.

விலை ஏன் குறைகிறது என்பதற்கு நம் மொழியிலேயே பதில் இருக்கிறது. கடையில் போய் “ஈயம் குடுங்க” என்கிறோம். ஆனால் தமிழில் ஈயம் இரண்டு: வெள்ளீயம், காரீயம். 60/40 என்றால் அறுபது பங்கு வெள்ளீயம், நாற்பது பங்கு காரீயம். ஒட்டும் வேலையைச் செய்வது முக்கியமாக வெள்ளீயம்தான். செம்போடு கலந்து மெல்லிய ஒரு படலமாகப் பிடித்துக்கொள்வது அதுவே. உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போல பத்து மடங்குக்கும் மேல். ஆக, விலையைக் குறைக்க எளிய வழி, பங்கைத் தலைகீழாக்குவது. லேபிள் மட்டும் மாறாது.

சரி, மேஜையில் உட்கார்ந்தபடி இதை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் செய்வது இது. ஒரு பழைய டைல்ஸ் துண்டை எடுத்துக்கொள்வேன். நம்பிக்கையான 63/37 கம்பியில் ஒரு சொட்டு, சந்தேகப்படும் கம்பியில் அதே அளவு ஒரு சொட்டு. இரண்டையும் அயர்னால் (ஈயம் உருக்கும் சூட்டுக்கோல்) உருக்கிவிட்டு, அதன் முனையான பிட்டை எடுத்ததும் பல்குத்தும் குச்சியால் மெதுவாகத் தொட்டுப் பார்ப்பேன். 63/37 சரியாக 183 டிகிரியில் உறையும். தண்ணீராக இருந்தது அடுத்த நொடி கல்லாகிவிடும், மேலே கண்ணாடி போலப் பளபளக்கும். நல்ல 60/40-உம் கிட்டத்தட்ட அப்படித்தான், 190-லிருந்து 183-க்குள் முடிந்துவிடும். காரீயம் அதிகமாக உள்ள 40/60 கலவையோ 238 டிகிரி பக்கத்திலேயே இறுக ஆரம்பித்து 183-இல்தான் முழுசாக உறையும். நடுவில் இருக்கும் ஐம்பத்தைந்து டிகிரியும் கூழ். குச்சியால் தொட்டால் கேப்பைக்கூழ் மாதிரி இழுபடும், ஆறினால் மேல்பரப்பு சொரசொரவென்று மங்கி நிற்கும்.

அந்த மலிவு ரீல் அப்படித்தான் இழுபட்டது. ஈயம் கூழாக இருக்கும் அந்தச் சில நொடிகளில் கை லேசாக அசைந்தாலும், கனமான ரிலே தன் எடையில் கொஞ்சம் சரிந்தாலும் உள்ளுக்குள் விரிசல் விழுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. அப்புறம் ரிலே ஒவ்வொரு முறை டக் டக்கென்று மாறும்போதும், போர்டு சூடாகி ஆறும்போதும் அந்த விரிசல் வளர்ந்துகொண்டே போகும். ரிலே, டிரான்ஸ்ஃபார்மர், கனெக்டர் என்று எடையும் அசைவும் உள்ள இடங்களில்தான் முதலில் விடுகிறது.

இன்னொரு சின்னச் சோதனையும் உண்டு: வெள்ளைத் தாளில் கம்பியைத் தேய்த்துப் பார்ப்பது. காரீயம் கூடிய கம்பி பென்சில் போல அழுத்தமாகக் கோடு போடும். நல்ல கம்பியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். இது சந்தேகம் கிளப்ப மட்டும் உதவும், தீர்ப்புக்கு டைல்ஸ் சோதனைதான்.

உலோகம் சரியாக இருந்தும் ஏமாறுவது ஃபிளக்ஸில், அதாவது ஈயம் ஒட்ட உதவும் பிசினில். என்னிடம் வேலை பழகும் தம்பி ஒருநாள், “அண்ணே, ஈயம் நல்லா உருகுது, ஆனா ஒட்ட மாட்டேங்குது, உருண்டு ஓடுது” என்றான். கம்பியை பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்க்கச் சொன்னேன். கட்டரால் வெட்டினால் நசுங்கி ஓட்டை மூடிக்கொள்ளும், அதனால் பிளேடு. நடுவில் பைன் மரத்துப் பிசின் நிறைந்த துளை தெரிய வேண்டும். முதல் வெட்டில் இருந்தது. ஒரு ஜாண் தள்ளி வெட்டியபோது காலி. இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடி இருந்தது. கம்பி இழுக்கும்போதே பிசின் விட்டுவிட்டு நிரம்பியிருக்கிறது. செம்பின் மேல் காற்றுபட்டுப் படியும் ஆக்சைடைக் கரைத்து எடுப்பதே பிசினின் வேலை. அது இல்லாத ஒரு சென்டிமீட்டர் கம்பி எந்த பின்னுக்குப் போகிறதோ, அந்த பின் டிரை சால்டர்தான்.

இந்தக் குறையை மறைக்கத்தான் பலர் பேஸ்ட் டப்பாவில் பிட்டை முக்குகிறார்கள். இதில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. குழாய்க்கும் தகரத்துக்கும் விற்கிற, துத்தநாக குளோரைடு கலந்த அமில பேஸ்ட்டை எலக்ட்ரானிக் போர்டு இருக்கும் மேஜைக்கே கொண்டுவரக் கூடாது. அன்றைக்கு அழகாக ஒட்டும். மிச்சம் போர்டிலேயே தங்கி, மழைக்கால ஈரத்தை இழுத்து, பச்சைப் பச்சையாகப் பூத்து, மெல்லிய செம்புத் தடத்தை அரித்துவிடும். எத்தனையோ நல்ல போர்டுகள் இப்படிப் போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தனியாக ஃபிளக்ஸ் தேவைப்பட்டால் ரோசின் (பைன் பிசின்) வகை வாங்குங்கள். ஆர்.எம்.ஏ. என்று போட்டிருந்தால் மிதமானது, ரிப்பேர் வேலைக்குப் போதும்.

காரீயமே இல்லாத லெட்-ஃப்ரீ கம்பி வேறு கதை. 2006 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலான மின்னணுச் சாதனங்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியது, பிறகு நம் நாட்டு மின்கழிவு விதிகளிலும் 0.1 விழுக்காடு என்ற வரம்பு வந்தது. அதனால் இன்று கைக்கு வரும் புது போர்டுகள் பெரும்பாலும் லெட்-ஃப்ரீ. அதிகம் புழங்கும் எஸ்.ஏ.சி.305 என்ற கலவையில் 3 விழுக்காடு வெள்ளி, 0.5 விழுக்காடு செம்பு, மீதியெல்லாம் வெள்ளீயம். 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதன் மூட்டு மங்கலாகத்தான் இருக்கும், அது இயல்பு. மங்கலாக இருக்கிறதே என்று மறுபடி மறுபடி சூடு காட்டினால் பேட், அதாவது பின்னை ஒட்டும் செம்புப் பொட்டு, போர்டிலிருந்து பெயர்ந்து வரும்.

பிஸ்மத் கலந்த, 138 டிகிரியிலேயே உருகுகிற ஈயமும் இப்போது சில போர்டுகளில் வருகிறது. அயர்ன் பட்டதுமே எதிர்பாராத வேகத்தில் உருகினால் நிறுத்திவிடுங்கள். அதன்மேல் சாதாரண 60/40 வைத்தால் மூன்று உலோகமும் கலந்து, சுமார் 96 டிகிரியிலேயே இளகும் பகுதி உண்டாகும். சூடாகிற எல்இடி விளக்கு போர்டில் அந்த மூட்டு எத்தனை நாள் தாங்கும்? பழைய ஈயத்தை விக் (ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்) வைத்துச் சுத்தமாக எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும்.

கைவேலைக்கு நான் இன்னும் 22 கேஜ் தடிமனுள்ள 63/37 கம்பியையே வைத்திருக்கிறேன். அதனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு கையிலும் வேலை இருக்கும்போது கம்பியைப் பல்லால் கடித்துப் பிடிக்கும் பழக்கம் நம் கடைகளில் சர்வசாதாரணம். விட்டுவிடுங்கள். சால்டர் செய்யும்போது வரும் புகை பிசினின் புகை. அயர்ன் சூட்டில் காரீயம் ஆவியாகப் போவது மிகமிகக் குறைவு. அந்தப் பிசின் புகையே ஆஸ்துமாவைக் கொண்டுவரும் என்பதால் பக்கத்தில் சின்ன ஃபேன் வைத்துப் புகையை முகத்திலிருந்து தள்ளிவிட வேண்டும். காரீயம் உடம்புக்குள் போகும் வழி வாய்தான்: கடித்த கம்பி, கழுவாத விரலோடு எடுத்த வடை, மேஜையிலேயே வைத்த டீ. ரத்தத்தில் இவ்வளவு காரீயம் இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குறிப்பாகக் குழந்தைகளின் மூளையை அது பாதிக்கிறது. வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இரண்டு மாதம் முன்பு எங்கள் தெருப் பாட்டி ஒருவர் ரசம் வைக்கும் ஈயச் சொம்பைக் கொண்டுவந்தார். அடியில் ஊசி முனை அளவு ஓட்டை. “நீதான் ஈயம் வெச்சு ஒட்டுறியே, இதையும் ஒரு பொட்டு வெச்சுக் குடு” என்றார். சொம்பு சுத்த வெள்ளீயம். என் கையில் இருந்த கம்பியில் முப்பத்தேழு பங்கு காரீயம். புளித்தண்ணீர் கொதிக்கும்போது அது ரசத்தில் இறங்கும். “பாட்டி, இது வேற ஈயம்” என்று சொல்லி, பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரிடம் அனுப்பி வைத்தேன், வெள்ளீயம் மட்டும் வைத்து அடைக்கச் சொல்லி.