பை நிறைய ரசீது இருக்கிறது, வழக்கு எங்கே?

சென்ற வாரம் பாளையங்கோட்டையில் என் அலுவலகத்துக்கு ஒரு தாயும் மகனும் வந்தார்கள். "எல்லா எடத்துக்கும் மனு போட்டாச்சு வக்கீலம்மா, ஒண்ணும் நடக்க மாட்டேங்கு" என்று அந்த அம்மா மஞ்சப்பையை மேசையில் கவிழ்த்தார். முதல்வர் தனிப்பிரிவு, மனித உரிமை ஆணையம், கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை கொடுத்த மனு, ஸ்டேஷனில் தந்த சி.எஸ்.ஆர். என்று பதினான்கு ரசீதுகள். இந்த மாதம் எனக்கு வந்த மூன்றாவது பை இது.

மகன் துணிக்கடையில் சேல்ஸ்மேன். புது சூப்பர்வைசர் வந்ததும் கேட்டாராம்: "எந்த ஊருடே?" நாங்குநேரிப் பக்கம் என்றிருக்கிறான். "அங்க எந்தத் தெரு?" நம் பக்கத்தில் இந்த இரண்டாவது கேள்வி எதற்கென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மறுவாரமே கவுண்டரிலிருந்து குடோனுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஒருநாள் சேலை எடுக்க வந்தவர்கள் முன்னாலேயே சாதிப் பெயரைச் சொல்லித் திட்டு.

எந்தத் தேதி? என்ன வார்த்தை? பக்கத்தில் யார் நின்றார்கள்? நான்கு பக்க மனுவில் இது எதுவும் இல்லை. "சொல்லொணா மன உளைச்சலுக்கு ஆளாகி" மட்டும் மூன்று இடத்தில் இருக்கிறது. எனக்கு வேண்டியது அவர் திட்டிய அதே வார்த்தை. எழுதக் கூசினாலும் அப்படியே எழுதுங்கள். "தகாத வார்த்தைகளால்" என்று எழுதினால் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை சுலபம்.

ரசீது வழக்கு ஆகாது. இதை எத்தனை தடவை சொல்வது! சி.எஸ்.ஆர். என்பது உங்கள் காகிதம் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது என்பதற்கான சீட்டு, அவ்வளவுதான். வழக்கு தொடங்கும் முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) வேறு. "விசாரிச்சுட்டு எஃப்.ஐ.ஆர். போடுதோம்" என்பார்கள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் சேர்த்த 18ஏ பிரிவின்படி, எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லை. இதை மரியாதையாகச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் தபாலில் அனுப்புங்கள். மனித உரிமை ஆணையமோ அரசு ஊழியர்கள் செய்யும் மீறலை விசாரிப்பதற்காக இருப்பது. கடை முதலாளி அரசு ஊழியரா?

"தனியார் கடைதானே, சட்டம் எங்க வரும்?" என்பது அடுத்த கேள்வி. அரசியல் சாசனத்தின் 16-ஆவது பிரிவு அரசு வேலைக்குத்தான். ஆனால் 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமை காரணமாக எந்த வேலையிலும் பாகுபாடு காட்டுவதைக் குற்றம் என்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், தீண்டாமைதான் காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். மாறாக நிரூபிப்பது குற்றம் சாட்டப்பட்டவரின் பாடு. கவுண்டரிலிருந்து குடோனுக்குப் போன கதைக்கு இது முக்கியம். சாதி சொல்லி அவமதித்ததற்கு வன்கொடுமைச் சட்டத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

அந்தத் திட்டு பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும். அதற்காகத் தெருவில்தான் திட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. வாடிக்கையாளர் நிற்கும் கடைக்குள் நடந்தாலும் சேரும். மூடிய அறையில் இரண்டே பேர் இருந்தபோது நடந்தது என்றால் சிரமம். அப்போது சாட்சியை ஜோடிக்காதீர்கள். அந்த ஒரு பொய்யில் மொத்தக் கேஸும் போய்விடும்.

வேலையிடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை என்றால் வழி வேறு, கெடுவும் வேறு: கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதம். பத்துப் பேராவது வேலை பார்க்கும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவென்றாலும், முதலாளி மேலேயே புகார் என்றாலும் மாவட்ட உள்ளூர்க் குழு. தனிப்பிரிவுப் பதிலுக்குக் காத்திருந்து இந்த மூன்று மாதத்தைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர். குழு கூடுதலாக மூன்று மாதம் வரை தரலாம். ஆனால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி ஒப்புக்கொள்ளவைக்க வேண்டும்.

  

தயவுசெய்து ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள். "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதன் ஜெராக்ஸையும் என்னிடமே கொண்டு வருகிறார்கள்! வெற்றுத்தாளிலும் கையெழுத்து வேண்டாம். வாட்ஸ்அப் குரல் செய்தி இருந்தால் அந்த போனை விற்காதீர்கள்; ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பீஸுக்குப் பயமென்றால் கோர்ட்டில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்கு போன் செய்யலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பில்லாமல் இலவசம்.

அந்தப் பையனுக்குத் தேதி ஞாபகம் வரவில்லை. அம்மாதான் யோசித்துச் சொன்னார்: "ஆடித் தள்ளுபடி ஆரம்பிச்ச மூணாம் நாளு. அன்னைக்குச் சாப்பிடாம வந்து படுத்தான்." காலண்டரை எடுத்துத் தேதியைப் பிடித்தோம். அன்று அந்தச் சேலைப் பிரிவில் நின்ற இன்னொரு பையன் இப்போது திருப்பூரில் இருக்கிறானாம். நம்பர் தேடிக்கொண்டிருக்கிறோம்.