சோளகத்தில் படகேறும் முன்

யாழ்ப்பாணம் குருநகரில், படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போட் எஞ்சினைத் திருத்தும் தொழிலுக்கு நான் வந்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. மீன்பிடித் தொழிலாளியின் எஞ்சின் பழுதாகி வந்தால் காரணம் பெரும்பாலும் தேய்மானம்தான். பொழுதுபோக்காகக் கடலுக்குப் போனவர்களின் எஞ்சின் வந்தால், மூடியைக் கழற்றுவதற்கு முன் “ஆட்களுக்கு ஒன்றுமில்லையே?” என்று கேட்டுவிடுவேன்.

ஆடியிலும் ஆவணியிலும் அந்தக் கேள்வியை அடிக்கடி கேட்க வேண்டியிருக்கிறது. நல்லூர்த் திருவிழாவும் வெளிநாட்டுப் பள்ளிக்கூட விடுமுறையும் ஒன்றாக வரும் காலம் அது. கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்குக் கடல் காட்ட ஆசைப்பட்டு, மாமாவோ சித்தப்பாவோ ஒரு படகை ஒழுங்கு செய்வார். சோளகக் காற்று ஓங்கி வீசுவதும் அந்த மாதங்களில்தான்.

சோளகம் தென்மேற்கிலிருந்து வரும் காற்று. காரைநகர்க் கசூரினாக் கடற்கரையோ வடக்கைப் பார்த்தது. ஆகவே அங்கே காற்று நிலத்தின் மேலால் வந்து கடலுக்குள் இறங்கும். கரையோரம் அலை அடங்கிக் கிடக்கும். அதைப் பார்த்து “இன்றைக்கு நல்ல கடல்” என்று எஞ்சினை இழுத்துவிடுகிறார்கள். மரங்களும் நிலமும் காற்றை மறைக்கும் தூரம் வரைக்கும்தான் அந்த அமைதி. அதைத் தாண்டிய பிறகு எஞ்சின் நின்றால் காற்று உங்களைக் கரைக்குக் கொண்டுவராது. பாக்கு நீரிணைக்குள் கொண்டுபோகும். காற்றடைத்த ரப்பர் மிதவையில் பிள்ளைகளை விடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மாரியில் வடக்கிலிருந்து வாடைக் காற்று வீசும்போது அதே கரையில் அலை எழும்பி அடிக்கும். அதைக் கண்டவுடன் எவரும் பின்வாங்கிவிடுவார்கள். எனக்குப் பயம் சோளகத்துக் கசூரினாவில்தான்.

எந்தக் கரையானாலும் புறப்படுமுன் நிமிர்ந்து நின்று, காற்று முகத்தில் அடிக்கிறதா, முதுகில் அடிக்கிறதா என்று பாருங்கள். கடலைப் பார்த்து நிற்கும்போது முதுகில் அடித்தால், திரும்பும் பயணம் காற்றை எதிர்த்துத்தான். எரிபொருளை மூன்று பங்காக்கி, போக ஒன்று, வர ஒன்று, கைகாவலாக ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணக் கடல்நீரேரியைப் பற்றிப் பேசினால் “அது இடுப்பளவு தண்ணீர்தானே, விழுந்தாலும் எழும்பி நிற்கலாம்” என்பார்கள். பல இடங்களில் அது உண்மைதான். ஆனால் ஆழம் குறைவு என்பதால்தான் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் எஞ்சினின் கால் மணல் திட்டிலும் வலைக் கம்புகளிலும் தட்டுகிறது. சில வருடங்களுக்கு முன் மண்டைதீவுப் பக்கம் நான்கு இளைஞர்கள் போன படகில் அதுதான் நடந்தது. கால் தட்டியதும் படகு சடாரென்று திரும்ப, ஓட்டியவர் தெறித்து விழுந்தார். பிடி விட்ட எஞ்சின் தானாகவே ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். படகு வட்டமடித்து, விழுந்தவர் கிடக்கும் இடத்துக்கே வரும். மற்ற மூவருக்கும் எஞ்சினை நிறுத்தத் தெரியவில்லை. இரண்டாவது சுற்றில் புரொப்பலர் அவருடைய தொடையைக் கிழித்தது. நல்ல நீச்சல்காரர் அவர். உயிர் தப்பினார், இன்றும் சாய்ந்துதான் நடக்கிறார்.

அந்த எஞ்சின் என்னிடம் வந்தபோது சிவப்புச் சுருள் கயிறு அதில் இருந்தது. கைப்பிடியோடு சேர்த்துக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அந்தக் கயிற்றின் ஒரு முனை எஞ்சினின் நிறுத்தும் பொத்தானில் மாட்டியிருக்கும். மறுமுனை ஓட்டுகிறவரின் மணிக்கட்டிலோ பாதுகாப்பு அங்கியிலோ இருக்க வேண்டும். அவர் விழுந்தால் கயிறு இழுபட்டுக் கழன்று எஞ்சின் நின்றுவிடும். இடைஞ்சல் என்று எஞ்சினோடு கட்டிவைத்தால் அது இருந்தும் இல்லாததுதான். படகில் ஏறும் எல்லோருக்கும், பிள்ளைகளுக்கும்கூட, அந்தப் பொத்தானைத் தொட்டுக் காட்டுங்கள்.

பாதுகாப்பு அங்கியை இருக்கைக்கு மெத்தையாகப் போடும் வழக்கத்தை என்னால் பொறுக்க முடிவதில்லை. தண்ணீரில் விழுந்தபின் அதை உடுத்திப் பட்டி கட்டுவது எவ்வளவு கடினம் என்பதை, மார்பளவு தண்ணீரில் ஒருமுறை செய்து பார்த்தால் தெரிந்துகொள்வீர்கள். பிள்ளைக்கு அங்கியைப் போட்டதும் இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காது வரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிது. கால்களுக்கு இடையே பட்டி உள்ளதாகத் தேடி வாங்குங்கள்.

இனி எஞ்சின். இயங்கத் தொடங்கியதும் பின்பக்கம் சிறு துவாரத்தால் மெல்லிய தண்ணீர்த் தாரை பீச்சியடிக்க வேண்டும். அது நின்றால் சாதாளை என்னும் கடல் பூண்டோ மணலோ அடைத்திருக்கிறது. உடனே நிறுத்தாவிட்டால் எஞ்சின் சூடேறிப் பழுதாகும். எஞ்சினுக்கு வெளியே இருக்கும் எரிபொருள் தாங்கியின் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்தால் பத்து நிமிடத்தில் எஞ்சின் இருமி நின்றுவிடும். என்னிடம் இழுத்துக்கொண்டு வரப்பட்ட எஞ்சின்களில் சிலவற்றுக்கு அந்தத் திருகைத் திறந்ததைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை. நின்றுபோன படகைக் காற்று இழுக்காமல் பிடிப்பது நங்கூரம். அதை அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்பக்கத்திலிருந்துதான் போட வேண்டும். பின்பக்கம் கட்டினால் அலை உள்ளே ஏறிவிடும். கயிறு ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் இருக்கட்டும். துடுப்பும் தண்ணீர் இறைக்க ஒரு வாளியும் எப்போதும் படகில் வேண்டும்.

எதிரே படகு வந்தால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். படம் எடுப்பதற்காக எல்லோரும் ஒரே பக்கம் எழும்பி நிற்கக் கூடாது. படகு கவிழ்ந்தால் அதை விட்டுக் கரைக்கு நீந்தாதீர்கள். மிதக்கும் படகைத் தேடுகிறவர்கள் எளிதில் காண்பார்கள், தலையைக் காண மாட்டார்கள். விழுந்தவரை எடுக்கப் போகும்போது காற்றுக்கு எதிர்முகமாக மெல்ல அணுகி, பக்கத்தில் வந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கை கொடுங்கள்.

எங்கே போகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நேரம் தாண்டினால் பொலிஸ் அவசர எண் 119ஐ அழைக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள். கைத்தொலைபேசி தண்ணீர் புகாத உறையில் இருக்கட்டும்.

பட்டறையில் ஒரு பெட்டி நிறையச் சிவப்புக் கயிறு வைத்திருக்கிறேன். உங்கள் எஞ்சினில் அது அறுந்தோ தொலைந்தோ போயிருந்தால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். காசு வேண்டாம்.