நியூரோட்டிசிசம் நரம்புத் தளர்ச்சி அல்ல

கணவன் மனைவி உறவில் மனநிறைவைக் கெடுப்பது 'நரம்புத் தளர்ச்சி' என்று எழுதினால் வாசகர் மனம் எங்கே போகும்? பேருந்து நிலையச் சுவரில் ஒட்டிய லேகிய விளம்பரத்துக்குத்தான். எளிதில் கவலை, சினம், சோர்வு கொள்ளும் போக்கைக் குறிக்கும் நியூரோட்டிசிசம் என்ற குணக்கூறுதான் மொழிபெயர்ப்பாளர் கையில் இப்படி ஆகியிருக்கிறது.

கிரேக்கத்தில் 'நியூரான்' என்றால் நரம்பு, நாண். 1769இல் ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லன் 'நியூரோசிஸ்' என்றபோது நரம்புக் கோளாறையே சொன்னார். பிறகு பொருள் மனத்துக்கு நகர்ந்துவிட்டது. சொல்லில் ஒட்டியிருக்கும் நரம்பு வெறும் எச்சம். அதற்குத் தமிழில் நாம் உயிர் கொடுக்கிறோம்.

இது நோயே அல்ல. கூடவோ குறையவோ எல்லோரிடமும் உண்டு. உளவியலாளர்கள் கோஸ்டாவும் மெக்ரேயும் இதை ஆறாகப் பிரித்தார்கள்: பதற்றம், சினம், மனச்சோர்வு, கூச்சம், ஆவலை அடக்க முடியாமை, நெருக்கடியில் நொறுங்குதல். ஆறில் எது நரம்பு? அனுப்பிய செய்தியில் நீலக்குறி விழுந்து இரண்டு மணி நேரமாகப் பதில் இல்லை. ஒருவர் "வேலையா இருப்பா" என்று விட்டுவிடுவார். இன்னொருவர் "என்மேல கோபமோ" என்று ஆறு முறை அழைப்பார். ஏழாவதில் நிஜமாகவே கோபம் வரும். கெல்லியும் கான்லியும் 1987இல் வெளியிட்ட ஆய்வு, 1930களில் திருமணம் நிச்சயமான 300 இணைகளைத் தொடர்ந்து பார்த்தது. மணமுறிவையும் மனக்குறையையும் முன்கூட்டிக் காட்டியவை இருவரிடமும் உள்ள இந்தக் குணமும், கணவன் தன்னைக் கட்டுப்படுத்த முடியாமையும்.

'உணர்ச்சிவசப்படும் தன்மை' என்பாரும் உண்டு. தன் அணி ஜெயித்ததும் துள்ளிக் குதிப்பவரும் உணர்ச்சிவசப்படுகிறவர்தானே? அந்த மகிழ்ச்சி இந்த அளவுகோலில் வராது. அது கலகலப்பாகப் பழகும் புறமுகப் பண்பின் கணக்கு. 'பதற்றம்' ஆறில் ஒன்று மட்டுமே. எல்லாவற்றிலும் மோசம் 'நரம்பியல்வாதம்'. 'இசம்' என்று முடிந்தால் வாதமாம்! நரம்பையும் வாதத்தையும் சேர்த்தால் பக்கவாதம்தான் நினைவுக்கு வரும். அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு, அதைக் கலைச்சொல் என்கிறார்கள்.

'கலங்கும் இயல்பு' என்றால் போதும். குட்டை கலங்கும், தெளியும். எவ்வளவு லேசாகக் கலங்குகிறது, தெளிய எத்தனை நேரமாகிறது என்பதுதான் இந்தக் குணம். அளவுகோலின் எதிர்முனைக்கும் 'கலங்காமை' என்று சொல் தயாராக இருக்கிறது. நரம்புத் தளர்ச்சிக்கு எதிர்ச்சொல் தேடினால் நரம்பு முறுக்கு, திரும்பவும் லேகியம்.

இந்தக் குணத்தை அளக்கும் வினாத்தாளில் மட்டும் இந்தப் பெயரும் வேண்டாம். பெயரைப் பார்த்ததுமே பதில் மாறும். "சின்ன விஷயத்துக்கும் மனசு கலங்கிடுமா?" என்று கேட்டு, ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடச் சொல்லலாம்.