இரண்டு இதழோடு பிறந்த வால்வு

மாசி மாதம், காலபோக அறுவடை முடிகிற நேரம். பரந்தன் பக்கத்தில் வயல் செய்கிற ஒருவர் கிளினிக்குக்கு வந்திருந்தார். வயது 42. (ஆளை யாரும் அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) நெல் மூட்டையைத் தூக்கி உழவு இயந்திரப் பெட்டியில் போட்டவர், பெட்டியைப் பிடித்தபடியே சரிந்து விழுந்திருக்கிறார். ஒரு நிமிடத்தில் எழும்பிவிட்டார். யாரோ சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பின்னேரம் மிச்ச மூட்டைகளையும் ஏற்றி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார். மனைவி விடாப்பிடியாக நின்றபடியால் நான்காம் நாள் எங்களிடம் வந்தார்.

"வெயில் டொக்டர். காலமை சாப்பிடவும் இல்லை. வேற ஒண்டுமில்லை."

நெஞ்செலும்புக்கு வலப்பக்கம், இரண்டாவது விலா இடைவெளியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். ஒவ்வொரு துடிப்புக்கும் மரம் அரிவதுபோல ஒரு கரகரப்பு. கழுத்தில் வைத்தால் அங்கேயும் அதே சத்தம். "சின்ன வயசிலை ஆராவது உங்களுக்கு நெஞ்சிலை சத்தம் கேக்குது எண்டு சொன்னவையோ?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"ஓம். பள்ளிக்கூடத்திலை பிள்ளையளைப் பாக்க வந்த டொக்டர் சொன்னவர். துண்டும் எழுதித் தந்தவர். பிறகு 96 இலை கிளிநொச்சியாலை வெளிக்கிட்டம். துண்டு எங்கை போச்சுதோ."

இதே கதையை வேறு வேறு ஆட்களின் வாயால் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சிறுவயதில் ஒருவர் சத்தத்தைக் கேட்டுச் சொல்லியிருப்பார். பிறகு இடப்பெயர்வு, முகாம், மீள்குடியேற்றம். கொப்பியும் துண்டும் போனதோடு நோயும் போனமாதிரி ஆகிவிட்டது. வன்னியில் இன்று முப்பது, நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு அப்படி யாராவது எப்போதாவது சொல்லியிருந்தால், இந்தக் கிழமையே போய் ஒருதரம் காட்டுங்கள்.

அவருக்கு எக்கோ (ஒலியலையால் இருதயத்தைப் பார்க்கிற ஸ்கான்) எடுத்தோம். இருதயத்தின் பெருநாடி வால்வில் மூன்று இதழ் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டுதான். பிறக்கும்போதே அப்படி.

கூட வந்திருந்த மகள் ஓ.எல். படிக்கிற பிள்ளை. "இருகூர் வால்வு எல்லாருக்கும் இருக்குத்தானே டொக்டர், புத்தகத்திலை இருக்கு" என்றாள். நல்ல கேள்வி. பெரியவர்களும் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். புத்தகத்தில் வரும் இருகூர் வால்வு இடது சோணையறைக்கும் இடது இதயவறைக்கும் நடுவில் இருப்பது. அதற்கு இரண்டு இதழ்தான் சரி. நான் சொல்வது இதயவறையிலிருந்து இரத்தம் வெளியே போகிற வாசலில், பெருநாடி தொடங்கும் இடத்தில் உள்ள அரைமதி வால்வு. அதற்கு மூன்று இதழ் இருக்கவேண்டும். கருவில் உருவாகும்போது இரண்டு இதழ்கள் பிரியாமல் ஒட்டியே நின்றுவிட்டால் அது இரண்டு இதழ் வால்வாகிவிடும். பிறவி இருதயக் குறைபாடுகளில் இதுதான் ஆகக் கூடுதலானது. நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ இருக்கும், ஆண்களிடம் கூடுதலாக. தாய் கர்ப்பத்தில் சாப்பிட்டதாலோ பயந்ததாலோ வருவதில்லை. இதைச் சொன்னதும் எத்தனையோ அம்மாமாரின் முகம் மாறியதைப் பார்த்திருக்கிறேன். "ஷெல்லடிக்குள்ள பெத்த பிள்ளை, அதாலதான்" என்று வருடக்கணக்காகத் தங்களையே நொந்துகொண்டிருந்தவர்கள்.

இரண்டு இதழ் இருந்தும் இளவயதில் ஏன் ஒன்றும் தெரிவதில்லை? குளத்துத் துருசை நினைத்துப் பாருங்கள். கதவு சரியாகப் பொருந்தாவிட்டாலும் புதிதில் திறக்கும், பூட்டும், வயலுக்குத் தண்ணீர் போகும். ஆனால் இந்தக் கதவு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை அடிபடுகிறது. மூன்று இதழ் பகிரவேண்டிய அடியை இரண்டு இதழ் தாங்குவதால் அவை தடித்து, சுண்ணாம்பு படிந்து, இறுகிப் போகின்றன. சிலருக்கு இறுகாமல் பூட்டுப்படாமல் போய் இரத்தம் பின்னால் ஒழுகும். மூன்று இதழ் உள்ளவர்களுக்கு எழுபதில், எண்பதில் வருகிற இறுக்கம் இவர்களுக்கு நாற்பதில், ஐம்பதில், அறுபதில் வந்துவிடும். வாசல் சிறுக்கச் சிறுக்க இதயவறை கூட அழுத்தம் கொடுத்துத் தள்ளும். அதன் சுவர் தடிக்கும். அந்த உழைப்பை ஆள் உணர்வதில்லை. அதனால்தான் "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்ற பேச்சை நான் ஒருபோதும் கணக்கில் எடுப்பதில்லை.

வேலை செய்யும்போது ஏன் மயக்கம் வருகிறது என்பதற்கும் துருசுதான் விளக்கம். மூட்டை தூக்கும்போது, ஓடும்போது, தசைகளுக்குப் போகும் வாய்க்கால்கள் எல்லாம் அகலத் திறக்கும். துருசோ கூடத் திறக்க முடியாமல் இறுகி நிற்கிறது. வாய்க்காலில் மட்டம் இறங்கும், அதாவது பிரஷர் விழும், மூளைக்கு இரத்தம் போதாது, ஆள் விழுவார். வெயிலில் நின்று மயங்குவது வேறு, வேலைக்கு நடுவில் விழுவது வேறு. இரண்டாவதை சோடா கொடுத்து அனுப்பக்கூடாது.

மற்ற இரண்டு அறிகுறிகள் நெஞ்சு நோவும் களையும். எங்கள் பக்கத்தில் "களைக்குது" என்றால் மூச்சு வாங்குவதும் அதுதான், உடம்பு அலுப்பும் அதுதான். கிளினிக்கில் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும் என்றால் சொல்லைப் பிரித்துச் சொல்லுங்கள். "போன வருசம் சைக்கிளில் சந்தைக்கு ஒரே மூச்சில் போவன், இப்ப இரண்டு இடத்தில் இறங்கி நிண்டுதான் போறன்" என்பது எனக்கு ஒரு பெரிய பரிசோதனைக்குச் சமம். பலர் களையை உடம்பில் இருக்கும் ஷெல் துண்டின் மேல் போட்டுவிடுகிறார்கள். துண்டு இருக்கலாம். ஆனால் படியேறினால் மூச்சு வாங்குவதற்கு அதைக் காரணம் சொல்வதற்கு முன்பு ஒரு எக்கோ எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

ஷெல் துண்டு என்றதும் இன்னொன்று. இரண்டு இதழ் வால்வு உள்ளவர்களில் பலருக்குப் பெருநாடியின் தொடக்கமும் வீங்கும். வால்வு நன்றாக வேலை செய்தாலும் வீங்கலாம். அதை அளக்கச் சிலவேளை சீரீ ஸ்கானோ எம்ஆர்ஐயோ கேட்போம். எம்ஆர்ஐ இயந்திரம் ஒரு பெரிய காந்தம். உடம்பில் இரும்புத் துண்டு இருந்தால் அது நகரக்கூடும், கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ கிட்ட என்றால் ஆபத்து. கூச்சமோ பயமோ வேண்டாம், துண்டு இருக்கும் இடத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தேவையென்றால் சீரீயோடு முடித்துக்கொள்வோம்.

எக்கோ அறிக்கையில் நான் முதலில் தேடுவது சில இலக்கங்களை. வால்வைத் தாண்டும் இரத்தத்தின் வேகம் செக்கனுக்கு 4 மீற்றரை எட்டினால், அல்லது சராசரி அழுத்த வித்தியாசம் (பிரஷர் அளக்கிற அதே அலகில்) 40ஐ எட்டினால், இறுக்கம் கடுமை. வாசலின் பரப்பு சாதாரணமாக 3 முதல் 4 சதுர சென்ரிமீற்றர். 1க்குக் கீழே போனாலும் அதே பொருள். பெருநாடியின் அகலம் 5.5 சென்ரிமீற்றரைத் தொட்டால் வால்வு எப்படி இருந்தாலும் சத்திரசிகிச்சை பற்றிப் பேசவேண்டும். குடும்பத்தில் யாருக்காவது பெருநாடி கிழிந்திருந்தாலோ வீக்கம் விரைவாகக் கூடினாலோ அதற்கு முன்பே பேசுவோம். இறுக்கம் இலேசு என்றால் மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு எக்கோ, நடுத்தரம் என்றால் ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒன்று, கடுமை என்றால் ஆறு மாதம் ஒரு வருடத்துக்குள். அறிக்கையைப் போனில் படம் எடுத்து வெளிநாட்டில் இருக்கும் சொந்தத்துக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். இழந்த கொப்பிகளின் கணக்கு எங்களுக்குத்தான் தெரியும்.

வால்வைத் திறக்கிற குளிசை இல்லை. நாங்கள் தரும் மருந்து பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதற்கு. பெருநாடி வீங்கியவருக்கு அது உயிர் காக்கிற காரியம். புகைப்பதை விடச் சொல்வதும் அதற்காகத்தான். நடை, சைக்கிள், இலேசான தோட்ட வேலை பெரும்பாலானோருக்கு நல்லது. மூச்சைப் பிடித்து மூட்டை தூக்குவதும் கிணறு இறைப்பதும்தான் இறுக்கமோ வீக்கமோ கூடியவர்களுக்கு ஆகாது. இன்னொரு எச்சரிக்கை: நெஞ்சு நோ வந்ததும் பக்கத்து வீட்டு ஐயாவின் நாக்குக்குக் கீழ் வைக்கிற குளிசையை வாங்கி வைக்கிற பழக்கம் ஊரில் இருக்கிறது. வால்வு கடுமையாக இறுகியவருக்கு அது பிரஷரை ஒரேயடியாக விழுத்திவிடும். வேண்டவே வேண்டாம்.

வாதக்காய்ச்சலால் பழுதான வால்வுக்கு மாதாந்தம் பெனிசிலின் ஊசி போடுகிறவர்களைப் பார்த்து, "எனக்கேன் அந்த ஊசி இல்லை?" என்று கேட்கிறார்கள். அது வேறு நோய். பிறவியில் வந்த இரண்டு இதழுக்கு அந்த ஊசியால் பயன் இல்லை. ஆனால் வால்வில் கிருமி பற்றும் பயம் இவர்களுக்கும் உண்டு. அது பெரும்பாலும் வாயிலிருந்தும் தோலிலிருந்தும் வரும். சூத்தைப் பல்லை அப்படியே வைத்திருக்காதீர்கள். செயற்கை வால்வு பொருத்தியவர்கள் பல் பிடுங்கப் போனால் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். அவர்களுக்கு முதலே அன்ரிபயோட்டிக் கொடுப்பார்கள். மாரி காலத்தில் காய்ச்சல் என்றதும் நாங்கள் டெங்கு, எலிக்காய்ச்சல் என்றுதான் முதலில் நினைப்போம். வால்வுக் குறை இருப்பதை நீங்கள் சொன்னால்தான் நாங்கள் அந்தப் பக்கமும் பார்ப்போம். ஒரு கிழமைக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலுக்கு பார்மசியில் அன்ரிபயோட்டிக் வாங்கிப் போட்டுவிட்டு வந்தால், இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில் ஒன்றும் பிடிபடாமல் போய்விடக்கூடும்.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வரும். நேர்த்தி வைத்தவர்கள் கேட்பார்கள், செடில் குத்திக் காவடி எடுக்கலாமா என்று. உங்கள் நம்பிக்கையில் நான் கைவைக்கவில்லை. ஆனால் வால்வு மாற்றியவரும், முன்பு வால்வில் கிருமி பற்றியவரும் தோலைத் துளைக்கக்கூடாது. இறுக்கம் கடுமையாக உள்ளவர் வெயிலில் விரதத்தோடு தண்ணீர் குடிக்காமல் ஆடவும் கூடாது. பால் செம்பு எடுங்கள், கற்பூரச்சட்டி எடுங்கள். ஐயரிடமும் கேட்டுப் பாருங்கள், நேர்த்தியை மாற்ற வழி சொல்வார்.

பெண் பிள்ளைகள் பற்றி. இலங்கையில் தாய்மார் இறப்புக்கு முன்னணிக் காரணங்களில் இருதய நோயும் ஒன்று. இலேசான குறையோடு பிள்ளை பெற்று நலமாக இருப்பவர்கள் ஏராளம். ஆனால் கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதியால் கூடுகிறது, இறுகிய வால்வு அதைத் தாங்காது. எக்கோவைக் கலியாணத்துக்கு முன்போ, கர்ப்பம் தரிக்க முன்போ செய்யுங்கள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று மறைத்து, ஏழாம் மாதம் மூச்சு முட்டி வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவிச்சி அம்மாவிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, பரந்தன் ஐயாவிடம் வருகிறேன். அவருடைய வாசல் 0.7. வேகம் 4.6. மயக்கமோ களையோ தொடங்கிய பிறகு வால்வை மாற்றாமல் விட்டால் ஏறத்தாழ பாதிப்பேர் இரண்டு மூன்று வருடத்தைத் தாண்டுவதில்லை. இதை அவருக்கும் மனைவிக்கும் ஒளிக்காமல் சொன்னேன். "சிறுபோகம் விதைச்சிட்டுப் போகட்டோ டொக்டர்?" என்றார். வேண்டாம் என்றேன். காணியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் அரச செலவில் திறந்த இருதய சத்திரசிகிச்சை செய்கிறார்கள். நெஞ்சைத் திறக்கும் பயத்தைவிட, எந்த வால்வு என்ற முடிவுதான் நிதானமாக எடுக்கவேண்டியது. உலோக வால்வு நீண்ட காலம் உழைக்கும், ஆனால் இரத்தம் கட்டியாகாமல் தடுக்கிற வாபரின் குளிசையைச் சாகும்வரை குடிக்கவேண்டும். திசு வால்வுக்குப் பொதுவாக நீண்டகால வாபரின் வேண்டாம், ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் தேய்ந்துவிடும், இளவயதினருக்கு இன்னும் சீக்கிரம். பிள்ளை பெற விரும்பும் பெண்கள் இதை இரண்டு மூன்று தடவை கேட்டுப் பேசவேண்டும், வாபரின் முதல் மூன்று மாதத்தில் கருவைப் பாதிக்கலாம். பரந்தன் ஐயா உலோக வால்வு எடுத்தார். முல்லைத்தீவின் உட்கிராமம் ஒன்றில் இருந்திருந்தால், ஐஎன்ஆர் (வாபரின் அளவு சரியா என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்க்க வரும் பஸ்ஸையும் கணக்கில் எடுத்துத்தான் நான் ஆலோசனை சொல்லியிருப்பேன்.

வாபரின் குடிப்பவர் கீரையை விடவேண்டியதில்லை. முருங்கை இலை, பொன்னாங்காணி, வல்லாரை எதுவும் சாப்பிடலாம், ஆனால் கிழமைக்குக் கிழமை ஒரே அளவாக. ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு அடுத்த கிழமை மூன்று நேரமும் வறை என்றால் ஐஎன்ஆர் தளம்பும். நோவுக்குப் போடும் டைக்ளோபெனாக், அஸ்பிரின், பரியாரியாரின் கசாயம், தசையில் போடும் ஊசி, எதற்கும் முன்பு "நான் வாபரின் குடிக்கிறன்" என்று சொல்லுங்கள்.

மூன்று மாதம் மூட்டையைத் தொடாமல் இருந்தார். மனைவி அதைக் காவல் காத்தார். அப்பா வாயைத் திறந்தால் வால்வின் டிக் டிக் கேட்கிறது என்று மகள் சொல்லிச் சிரித்தாள்.

இந்த வால்வு குடும்பத்தில் ஓடும். ஒருவருக்கு இருந்தால் அவருடைய பெற்றோர், சகோதரம், பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கு இருக்கலாம். சகோதரங்களைக் கூட்டி வரச் சொன்னேன். ஒரு சனிக்கிழமை தம்பிமார் இரண்டு பேரும் மகளும் வந்தார்கள். மகளுக்கு மூன்று இதழ். மூத்த தம்பிக்கும் மூன்று. காணியைப் பொறுப்பெடுத்த கடைசித் தம்பிக்கு இரண்டு. இறுக்கம் இலேசு, பெருநாடி 3.6. அவர் இன்றுவரை மயங்கியதும் இல்லை, களைத்ததும் இல்லை. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் அடுத்த எக்கோவின் மாதத்தைச் சிவப்புப் பேனையால் எழுதிக் கொடுத்தேன். அதற்கு மேல் அவரே போனை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்.