தாயின் படுக்கையும் சேயின் உடற்சூடும்: பிரசவ வார்டில் கவனிக்க வேண்டியவை

பிரசவத்துக்குப் பிந்தைய வார்டில் ஒரு கட்டிலுக்கு ஒரு நோயாளி என்ற கணக்கு செல்லாது. சுகப்பிரசவமானால் குறைந்தது 48 மணி நேரமும், அறுவைச் சிகிச்சையானால் பல நாட்களும் தாயும் சேயும் ஒரே மெத்தையில், ஒரே விரிப்பின் மேல் இருக்கிறார்கள். செவிலியர் பயிற்சியிலோ இவ்விருவருக்குமான பாடங்கள் பிரிந்து கிடக்கின்றன. படுக்கை விரிப்பது முதலாண்டின் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படுகிறது; பிறந்த குழந்தையைப் பரிசோதிப்பது பின்னால் வரும் ஆண்டுகளில், மகப்பேறு மருத்துவத்தோடு வருகிறது. இதனால் முன்னது உடம்பு வளைத்துச் செய்யும் வேலை, பின்னது படித்துச் செய்யும் வேலை என்ற எண்ணம் மாணவியர் மனத்தில் பதிந்துவிடுகிறது. பல ஆண்டுகள் பிரசவ வார்டில் பணியாற்றியவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் பிரிவினை தவறானது, சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தானது. விரிப்பை மாற்றும் கைதான் தாயின் இரத்தப்போக்கை முதலில் கண்டுபிடிக்கிறது. குழந்தை குளிர்ந்து கிடப்பதையும் அதே கைதான் முதலில் உணர்கிறது.

மெத்தையின் மேல் அடிவிரிப்பு, அதன் மேல் இடுப்புப் பகுதியில் குறுக்காக மக்கின்டாஷ் என்னும் ரப்பர் விரிப்பு, அதை முழுவதும் மூடியபடி ட்ரா ஷீட் என்னும் குறுக்குத் துணி விரிப்பு, பிறகு போர்வை என்பது பிரசவித்த தாய்க்கான படுக்கையின் வரிசை. மக்கின்டாஷ் இரத்தமும் சிறுநீரும் மெத்தைக்குள் இறங்காமல் தடுக்கிறது. ரப்பர் நேரடியாகத் தோலில் பட்டால் வியர்வை தேங்கித் தோல் ஊறிப் புண்ணாகும் என்பதால், ட்ரா ஷீட் அதைவிட அகலமாக இருந்து, இரு பக்கமும் மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகப்பட வேண்டும். மூலைகளை 45 பாகைச் சாய்வில் மடித்துச் செருகச் சொல்வது அழகுக்காக அன்று. அப்படிச் செருகிய விரிப்புதான் தாய் புரண்டாலும், எழுந்து உட்கார்ந்து பால் கொடுத்தாலும் சுருங்காமல் நிற்கும்.

முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தாய்க்கு இடுப்புக்குக் கீழே சில மணி நேரம் உணர்ச்சி இருக்காது. விரிப்பின் மடிப்பு உறுத்தினாலும், சிறுநீர்க் குழாய் தொடைக்கடியில் மாட்டிக்கொண்டாலும், ஊசி மூடி ஒன்று மெத்தையில் கிடந்தாலும் அவரால் சொல்ல முடியாது. எனவே அவரைக் கட்டிலுக்கு மாற்றுவதற்கு முன் விரிப்பின் மேல் உள்ளங்கையைத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். மாற்றிய பிறகு குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று கண்ணால் பின்தொடர வேண்டும். சில நொடிகளில் முடிகிற இந்த வேலை, எத்தனை நெரிசலான வார்டிலும் விடத்தக்கதன்று.

தாய் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவதுதான் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் பகுதி. கட்டிலின் சக்கரங்களைப் பூட்டி, அவரை ஒருக்களிக்கச் செய்து, உடன் நிற்பவர் தாங்கிக்கொள்ள, அழுக்கு விரிப்பை அவர் முதுகை ஒட்டிச் சுருட்டிக்கொண்டு போகும்போது செவிலியரின் கண் எங்கே இருக்க வேண்டும்? இடுப்புக்கடியில் இருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் வடியும் இரத்தம் மேலே கட்டியிருக்கும் பேடில் மட்டுமே தெரியும் என்று நினைப்பது பெரும் பிழை. மல்லாந்து படுத்திருக்கும் தாயின் பிட்டத்துக்கும் முதுகுக்கும் அடியில் அது குளம்போல் தேங்கி, முன்பக்கம் பேட் ஓரளவு சுத்தமாகவே தோன்றும். தாயோ போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, "லேசாத் தலைசுத்துது சிஸ்டர், காலையிலிருந்து சாப்பிடல, அதான்" என்பார். அந்தச் சொல்லோடு விட்டுவிடக் கூடாது. போர்வையை விலக்கி, அவரைத் திருப்பி, அடியில் பார்க்க வேண்டும். வயிற்றில் கை வைத்துக் கருப்பை நெற்றியைத் தொட்டாற்போல் கெட்டியாக இருக்கிறதா, மாவுபோல் தளர்ந்திருக்கிறதா என்று அறிய வேண்டும். நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். பிரசவத்துக்குப் பின் 500 மில்லிலிட்டர் அல்லது அதற்கு மேல் இரத்தம் போனால் அது மிகை இரத்தப்போக்கு. கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவு பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதால், ஐயம் இருந்தால் நனைந்த துணியை எடை போட்டு, உலர்ந்த துணியின் எடையைக் கழித்துவிட்டு, ஒரு கிராமுக்கு ஒரு மில்லிலிட்டர் என்று கணக்கிடலாம். கருப்பை தளர்ந்திருந்தாலோ, ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுதாக நனைந்தாலோ அந்த நொடியே மருத்துவரை அழைக்க வேண்டும். கேஸ் ஷீட்டில் எழுதுவதைப் பிறகு செய்துகொள்ளலாம்.

கழற்றிய விரிப்பை உதறக் கூடாது, சீருடையோடு அணைத்துத் தூக்கக் கூடாது, தரையில் போடக் கூடாது. இரத்தம் பட்டதைத் தனிப் பையில் இட வேண்டும். உதறும்போது எழும் தூசியும் கிருமியும் இறங்குவது பக்கத்துக் கட்டிலில் இருக்கும் குழந்தையின் தொப்புள் மீதும், அறுவைச் சிகிச்சைத் தையல் மீதும்தான். விரிப்பைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் குழந்தையைத் தொடக் கூடாது. பார்க்க வரும் உறவினர்கள் செருப்பு போட்ட பிள்ளைகளைக் கட்டிலில் உட்கார வைப்பதும், பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்த பையை அப்படியே குழந்தையின் பக்கத்தில் வைப்பதும் நாள்தோறும் நடக்கிறது. இதைத் தடுக்கும் செவிலியர் மீது கோபம் வருவது இயல்பே என்றாலும், அருள்கூர்ந்து அதைக் குழந்தையின் பொருட்டுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி, குழந்தை. பனிக்குட நீரில் நனைந்தபடி வெளியே வரும் குழந்தை நான்கு வழிகளில் சூட்டை இழக்கிறது: உடலின் ஈரம் ஆவியாவதால், குளிர்ந்த பொருளின் மேல் கிடத்தப்படுவதால், மின்விசிறிக் காற்றால், அருகிலுள்ள குளிர்ந்த சுவருக்கும் சன்னலுக்கும் தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக விடுவதால். நம் ஊர் வெயிலில் குழந்தைக்குக் குளிருமா என்று கேட்பவர்கள் உண்டு. சித்திரை மாதத்திலும் குளிரும். ஏனென்றால் நமக்குப் புழுக்கமாக இருக்கும் அறைகூட நனைந்த பச்சிளங்குழந்தைக்குக் குளிர்ந்த இடமே. பிறந்தவுடன் வெதுவெதுப்பான உலர்ந்த துணியால் தலையிலிருந்து துடைத்து, அந்த ஈரத்துணியை அப்புறப்படுத்திவிட்டு, வெற்றுடம்போடு தாயின் மார்பில் கவிழ்த்துக் கிடத்தி, தலைக்குக் குல்லாவும் முதுகுக்கு மற்றோர் உலர்ந்த துணியும் போட வேண்டும். முதல் துணியிலேயே சுற்றிவைத்துவிடுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. துடைத்ததன் பயன் அத்துடன் போயிற்று. வார்டுக்கு வந்த பிறகும் இதே ஆபத்து தொடர்கிறது. குழந்தை சிறுநீர் கழித்து நனைந்த விரிப்பு, தாயின் ட்ரா ஷீட்டின் ஈர மூலை, மேலே சுழலும் மின்விசிறி ஆகியவை எல்லாம் சேர்ந்து இரவு முழுவதும் அதன் சூட்டை உறிஞ்சிக்கொண்டிருக்கும். சூட்டைக் காக்கச் செலவழியும் ஆற்றலால் இரத்தத்தில் சர்க்கரை குறையும். குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுக்கும். குடிக்காததால் மேலும் குளிரும்.

அக்குளில் வெப்பமானி வைத்தால் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். வெப்பமானி கையில் இல்லாதபோது தாயே செய்யத்தக்க முறை ஒன்று இருக்கிறது. புறங்கையால் முதலில் குழந்தையின் வயிற்றையும், பிறகு உள்ளங்காலையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்து, பாதம் இளஞ்சிவப்பாகவும் இருந்தால் குழந்தை நலம். வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குழந்தை குளிரோடு போராடத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே ஈரத்துணியை மாற்றித் தாயின் மார்போடு தோல்மேல் தோலாக அணைத்துப் பால் கொடுக்க வேண்டும். வயிறும் பாதமும் இரண்டுமே குளிர்ந்திருந்தால் அணைத்தபடியே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். சுடுநீர்ப் பையோ பாட்டிலோ பக்கத்தில் வைத்துச் சூடேற்ற முயன்றால் தோல் வெந்துபோகும்.

பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் போடப்படும் அப்கார் மதிப்பெண்ணைப் பற்றிப் பெற்றோர் இப்போது ஆவலுடன் கேட்கிறார்கள். வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் 1952இல் வகுத்த முறை அது. நிறம், இதயத்துடிப்பு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, தசையின் விறைப்பு, மூச்சு ஆகிய ஐந்துக்கும் பூச்சியம் முதல் இரண்டு வரை மதிப்பெண். குழந்தையின் எதிர்கால அறிவுக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். மாணவியருக்குச் சொல்ல வேண்டியது வேறு: மூச்சுவிடாத குழந்தைக்கு அந்த மதிப்பெண் போடும் வரை காத்திருக்கக் கூடாது. முதல் 60 நொடிக்குள் செயற்கை மூச்சு தொடங்கியிருக்க வேண்டும்.

மூச்சை எண்ணுவதில்தான் அவசரம் அதிகம் விளையாடுகிறது. பெரியவர்களுக்குப் போல் 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவது பச்சிளங்குழந்தையிடம் செல்லாது. அது சில மூச்சுகளை வேகமாக விட்டு, சில நொடி நிறுத்தி, மீண்டும் தொடங்கும். அந்த இடைவெளியில் எண்ணினால் குறைவாகவும், வேகத்தில் எண்ணினால் மிகையாகவும் வரும். குழந்தை அழாதபோது, துணியை விலக்கி, நொடி முள் உள்ள கடிகாரத்தைப் பார்த்தபடி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடியும் ஒருமுறை எண்ணி உறுதி செய்ய வேண்டும். மூக்கு விடைப்பதும், விலாவுக்கடியில் உள்வாங்குவதும், மூச்சை விடும்போது முனகல் கேட்பதும் எண்ணிக்கை எதுவாயினும் ஆபத்தின் அறிகுறிகளே.

பிறகு தலை முதல் கால் வரை பார்க்க வேண்டும். எடை 2.5 கிலோவுக்குக் குறைந்தால் கூடுதல் கவனிப்பு வேண்டும். முதல் வாரத்தில் பத்து சதவீதம் வரை எடை குறைந்து பிறகு ஏறுவது இயல்பு. தலையில் வீக்கம் இருந்தால், அது மண்டை ஓட்டின் இணைப்புக் கோட்டைத் தாண்டிப் பரவியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். தாண்டியிருந்தால் பெரும்பாலும் பிரசவ அழுத்தத்தால் வந்த நீர்க்கோவை, ஓரிரு நாளில் வடியும். கோட்டோடு நின்றிருந்தால் எலும்புக்கு மேல் தேங்கிய இரத்தம். கரைய வாரங்கள் ஆகலாம், மஞ்சள் காமாலையும் கூடலாம். அண்ணத்தைக் கண்ணாலும் கழுவிய விரலாலும் பார்க்காவிட்டால் சிறு பிளவு தப்பிவிடும். ஆசனவாய் இருக்கிறதா என்று பார்ப்பதை அற்பமாகக் கருத வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் கரும்பச்சை மலம் போகவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குழந்தையைக் கவிழ்த்து முதுகுத்தண்டின் மேல் குழியோ, மயிர்க்கற்றையோ, கட்டியோ உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

கையும் காலும் முதல் நாளில் சற்று நீலம் பாரித்திருப்பது இயல்பு. உதடும் நாக்கும் நீலமானால் இயல்பன்று. பிட்டத்தில் சாம்பல் நீலத் திட்டு, மூக்கின் மேல் வெண்புள்ளிகள், தும்மல், விக்கல், பெண் குழந்தைக்குச் சில நாளில் பிறப்புறுப்பில் சொட்டு இரத்தம், இருபாலருக்கும் மார்பு வீங்குதல் ஆகியவற்றுக்குச் சிகிச்சை தேவையில்லை. வீங்கிய மார்பைப் பிதுக்கினால்தான் சீழ் பிடிக்கும். மஞ்சளை மட்டும் விளக்கொளியில் பார்த்து ஏமாறக் கூடாது. பகல் வெளிச்சத்தில், தோலை விரலால் அழுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் 24 மணி நேரத்துக்குள் தெரியும் மஞ்சளும், உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கிய மஞ்சளும் இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று விடத்தக்கவை அல்ல. உடனே இரத்தப் பரிசோதனை வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களின் அன்பில் ஐயமில்லை. ஆனால் சேனை வைப்பதாகச் சர்க்கரைத் தண்ணீரோ, தேனோ, கழுதைப்பாலோ தொட்டு வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். முதல் மணி நேரத்திலேயே கிடைக்கும் சீம்பாலை விஞ்சிய முதல் உணவு இல்லை. அளவு குறைவாகத் தெரிந்தாலும் குழந்தையின் வயிற்றுக்கு அதுவே போதும். மூக்கில் எண்ணெய் விட்டு ஊதினால் அது நுரையீரலுக்குள் போகும். தொப்புள்கொடியில் விபூதி, மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். உலர்வாக விட்டால் தானே விழும். முதல் குளியலைக் குறைந்தது 24 மணி நேரம் தள்ளிப்போடுங்கள். எடை குறைந்த குழந்தைக்கு இன்னும் தள்ள வேண்டும். இரத்தம் உறைவதற்கான வைட்டமின் கே ஊசியும், பிசிஜி, போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ் பி முதல் தவணையும் போட்டாயிற்றா என்பதை டிஸ்சார்ஜுக்கு முன் அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் தாய்க்கு விரிக்கும் படுக்கையும் இதே கவனத்தைக் கேட்கிறது. தீட்டு என்ற பெயரில் வெளிச்சமில்லாத மூலையில், ஈரத்தரையில், பழைய கிழிந்த பாயில் தாயையும் சேயையும் ஒதுக்கிவைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கு வேண்டியது காற்றோட்டமான, நேர்க் காற்று படாத இடம், வெயிலில் காய்ந்த விரிப்பு, அடிக்கடி மாற்ற உலர்ந்த துணி. குழந்தையைத் தலையணை இல்லாமல், கெட்டியான படுக்கையில் மல்லாத்திப் படுக்கவையுங்கள். கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வரும்போது குழந்தையை உறங்கும் துணியோடு காட்டாமல் துணியை விலக்கிக் காட்டுங்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, தொட்டால் சில்லென்றோ கொதித்தோ இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வைத்தாலோ, எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, தாய்க்கு இரத்தப்போக்கு கூடினாலோ, துர்நாற்றத்தோடு காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். வண்டியில் ஏறும்போதும் குழந்தையைத் தனியே துணியில் சுற்றி எடுத்துச் செல்லாமல், தாயின் அல்லது தந்தையின் வெற்று மார்போடு அணைத்து, மேலே போர்த்திக் கொண்டு செல்லுங்கள்.