ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு ஸ்கேல் தேடாதீர்கள்

ஜாஸ் பியானோ கற்க வருபவர்களில் பலர் கையோடு ஒரு தாளும் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு கார்டுக்கு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) மேலேயும் பென்சிலில் ஒரு ஸ்கேலின் (வரிசையாக ஏறும் ஸ்வரங்கள்) பெயர் எழுதியிருக்கும். டி மைனர் செவனுக்கு டோரியன், ஜி செவனுக்கு மிக்ஸோலிடியன், சி மேஜர் செவனுக்கு அயோனியன். உழைப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பியானோவில் வாசித்துப் பார்த்தால் மூன்றும் அதே ஏழு வெள்ளைக் கட்டைகள்தான். ஒரே ஆளுக்கு மூன்று பெயர் வைத்து மனப்பாடம் செய்திருக்கிறார்கள்!

நிமிடத்துக்கு 200 பீட் வேகத்தில் நான்கு பீட் கொண்ட ஒரு பார் (தாளத்தின் ஒரு சுற்று) 1.2 நொடியில் முடிந்துவிடும். அதில் இரண்டு கார்டு இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 0.6 நொடி. பெயர் ஞாபகம் வருவதற்குள் கார்டு போய்விடும்.

சரி, வேறென்ன எழுதுவது? ஒவ்வொரு கார்டின் மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்களை மட்டும் எழுதச் சொல்வேன். டி மைனர் செவனில் அவை எஃப், சி. ஜி செவனுக்குப் போகும்போது எஃப் அசையாது, சி மட்டும் பக்கத்துக் கட்டையான பி-க்கு இறங்கும். அடுத்து சி மேஜர் செவனில் பி அப்படியே நிற்கும், இப்போது எஃப் பக்கத்து ஈ-க்கு இறங்கும். இந்த இரண்டு இறக்கத்தை மட்டும் வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். யாரும் கார்டு வாசிக்காமலே அது மாறுவது காதில் விழும். இதற்கே ஒரு வாரம் கொடுக்கலாம், தப்பில்லை.

அப்புறம், வெளியாள் யார், அதாவது பாட்டின் ஸ்கேலில் இல்லாத ஸ்வரம் எது என்று பார்க்க வேண்டும். சி மேஜரில் போகிற பாட்டில் திடீரென ஈ செவன் வந்தால், புதிதாக நுழைவது ஜி ஷார்ப் ஒன்றுதான். அது ஏ-வுக்கு ஏறத் துடிக்கும். அடுத்த கார்டு பெரும்பாலும் ஏ மைனராகவோ ஏ செவனாகவோ இருக்கும்.

சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1959-ல் பதிவு செய்த 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' 16 பாரில் 26 கார்டு. தாளைப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் எல்லாமே பி, ஜி, ஈ ஃபிளாட் என்ற மூன்று கீயை (key, ஆதார ஸ்வரம்) சுற்றித்தான் வருகின்றன. அதற்காக வாசிப்பது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள்.

ப்ளூஸுக்கு மட்டும் இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள். சி-யில் ப்ளூஸ் வாசித்தால் சி செவனே பாட்டு வந்து நிற்கும் வீடு. அதிலிருக்கும் பி ஃபிளாட் எங்கும் இறங்க வேண்டியதில்லை.