மரையா, புரியா, நூலா? பைப் திரெட்டுக்குத் தமிழில் எது சரியான சொல்

பைப்பின் வாயிலும், இரண்டு பைப்பை இணைக்கும் குட்டிப் பைப்பான நிப்பிளின் உடம்பிலும் சுற்றிச் சுற்றி ஓடும் அந்த வெட்டுக்கு லேத் பட்டறையில் பெயர் மரை. திரெட் என்றும் சொல்வார்கள், ஆனால் மரை போடு, மரை தேஞ்சு போச்சு, மரை கழண்டவன் என்று வாயில் தானாக வருவது மரைதான். சிலர் மறை என்று எழுதுகிறார்கள். மறை என்ற எழுத்துக்கு வேதம், ஒளித்து வை என்று வேறு வேலைகள் இருக்கின்றன, அகராதிகளிலும் மரையாணி என்று சின்ன ரகரத்தில்தான் கிடைக்கிறது, அதனால் மரை என்றே எழுதுவோம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், வெளிநாட்டு எந்திரங்களின் கையேடுகளைத் தமிழாக்குகிறவர்கள் திரெட் என்று கண்டதும் 'நூல்' என்று போட்டுவிடுகிறார்கள். இரும்புக்கடையிலோ தச்சரிடமோ நூல் என்பது ஓர் அளவு. இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 3.175 மில்லிமீட்டர். நாலு நூல் பைப் என்றால் அரை இஞ்ச், ஆறு நூல் என்றால் முக்கால் இஞ்ச். இப்போது ஒருவர் இஞ்சுக்கு 14 மரை என்பதை '14 நூல்' என்று எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் ஒன்றே முக்கால் இஞ்ச் சாமானைத் தேடப் போவார். அவர் மேல் தப்பே இல்லை.

புரி என்ற சொல் வேறு வகை. புரிதல் என்ற வினையின் பழைய பொருள்களில் ஒன்று முறுக்குதல். வைக்கோற்புரி, முப்புரி நூல் எல்லாம் அந்தப் பொருளில் வந்தவை. ஆங்கிலத் திரெட்டின் வேரைத் தோண்டினாலும் முறுக்குதல், திருகுதல் என்ற இடத்தில்தான் போய் நிற்கிறது, ஆக பொருளளவில் இதைவிட நெருங்கிய சொல் கிடைக்காது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இது பழக்கமும்கூட. திருகு அளவியில் புரிக்கோல், புரியிடைத் தூரம் என்று படித்தோமே, அந்தப் புரியிடைத் தூரம்தான் பட்டறையில் பிட்ச். என் கருத்து, வெட்டுக்கு மரை, இரண்டு மரைகளுக்கு நடுவே உள்ள தூரத்துக்குப் புரியிடை. இரண்டுமே ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பவை, புதிதாக ஒன்றும் கட்ட வேண்டாம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் புரியை விட்டுவிட வேண்டும். வலது பக்கம் திருகினால் இறுகும் சாதாரண மரையை வலம்புரி மரை என்று எழுதத் தோன்றும், கேட்கவும் அழகாக இருக்கும். ஆனால் வலம்புரிச் சங்கின் சுழியை மரையாகப் பார்த்தால் அது இடது மரை! விலங்கியல்காரர்கள் அதை இடச்சுழி என்றுதான் வகைப்படுத்துகிறார்கள், எங்கும் கிடைக்கும் சாதாரணச் சங்குதான் வலது மரை. அசிட்டிலின் சிலிண்டருக்குப் போகும் ஹோஸ் நட்டு இடது மரை, ஆக்சிஜனுக்கு வலது மரை. இந்த மாதிரி இடத்தில் சொல் குழம்பக் கூடாது. வலது மரை, இடது மரை என்றே இருக்கட்டும்.

சரி, பைப் மரைக்கு வருவோம். புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளானாலும் கடலூர் முதுநகரில் படகு எஞ்சின் பார்க்கும் இடமானாலும், இந்தியாவில் கடையில் கேட்டவுடன் கிடைப்பது பி.எஸ்.பி., அதாவது பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் பைப் மரை. 1841-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் வகுத்த 55 டிகிரிக் கோணம் அதில் இன்னும் இருக்கிறது. பிரெஞ்சில் இதற்குக் 'காஸ்' மரை என்று பெயர், வாயுக் குழாயை வைத்து வந்த பெயர். அமெரிக்க எந்திரத்தில் வருவது என்.பி.டி., அதாவது அமெரிக்கர்களின் சரிவுப் பைப் மரை, கோணம் 60 டிகிரி. ஜப்பான், ஐரோப்பிய எந்திரங்களில் மெட்ரிக் மரையும் கலந்து வரும்.

தெரியாத ஃபிட்டிங் ஒன்று கையில் வந்தால் முதலில் அது நேர் மரையா சரிவு மரையா என்று பாருங்கள். வெர்னியரை நுனியில் ஒரு தடவை, அடியில் ஒரு தடவை வைத்தால் போதும், இரண்டு அளவும் ஒன்றானால் நேர் மரை, அடியில் பருத்திருந்தால் சரிவு மரை. சரிவு மரை 16 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் பருக்கும், பி.எஸ்.பி.யிலும் என்.பி.டி.யிலும் இதே கணக்குதான். சரிவு மரை மரையிலேயே கசிவை அடைக்கும், நேர் மரைக்கு டவுட்டி வாஷர் (உள்விளிம்பில் ரப்பர் ஒட்டிய இரும்பு வளையம்) மாதிரி ஏதாவது வேண்டும். அப்புறம் வெளி விட்டம். இங்கேதான் புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் திகைப்பார்கள், ஏனென்றால் அரை இஞ்ச் பி.எஸ்.பி. மரையை அளந்தால் 12.7 வராது, 20.955 மில்லிமீட்டர் வரும். அரை இஞ்ச் என்பது பழைய காலத்துப் பைப்பின் உள்துளையை வைத்து வந்த பெயர், மரையின் அளவு இல்லை.

அடுத்தது புரியிடை. பிட்ச் கேஜை (ஒவ்வொரு புரியிடைக்கும் பல் வெட்டிய தகடுகளின் கட்டு) மரையில் பதித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள், இடுக்கில் வெளிச்சம் வந்தால் அது வேறு மரை. கால் இஞ்சில் பி.எஸ்.பி.க்கு இஞ்சுக்கு 19 மரை, என்.பி.டி.க்கு 18, அதனால் கேஜ் வைத்ததும் வித்தியாசம் தெரிந்துவிடும். கால் இஞ்ச் என்.பி.டி.யும் 14 மில்லிமீட்டர் விட்டமுள்ள எம் 14 மெட்ரிக்கும் விட்டத்தில் மிக நெருக்கம், அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாக எடுத்துவிடுவார்கள். எம் 14-இன் புரியிடை பெரும்பாலும் 1.5 மில்லிமீட்டர், என்.பி.டி.யில் 1.41.

உண்மையான ஆபத்து அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் இருக்கிறது. பி.எஸ்.பி., என்.பி.டி. இரண்டுக்குமே இஞ்சுக்கு 14 மரைதான். ஒன்றுக்குள் ஒன்று சில சுற்று ஏறும், பிறகு இறுகும், டெஃப்லான் டேப்பைச் சுற்றி முறுக்கினால் தண்ணீர் லைனில் சில நாள் தாங்கினாலும் தாங்கும். ஆனால் 55 டிகிரிப் பள்ளத்தில் 60 டிகிரி மரை முழுதாக உட்காராது, மரையோடு சுற்றிக்கொண்டே போகும் ஒரு மெல்லிய வழி திறந்தே இருக்கும், ஹைட்ராலிக் ஆயிலுக்கு அது போதும். இங்கே கேஜில் எண்ணினால் தெரியாது. விட்டம் பாருங்கள், என்.பி.டி. அரை இஞ்ச் பைப்பின் வெளி விட்டம் 21.3 மில்லிமீட்டர். மரையின் முகட்டையும் பாருங்கள், பி.எஸ்.பி.யில் உருண்டையாக இருக்கும், என்.பி.டி.யில் தட்டையாக வெட்டியிருக்கும். தேய்ந்த பழைய ஃபிட்டிங்கில் இந்த உருட்டும் தட்டையும் கண்ணுக்குப் பிடிபடாது, அப்போது நல்ல நிலையில் உள்ள ஜோடியை எதிரே வைத்து ஒப்பிடுவதே வழி.

கடைக்குச் சீட்டு எழுதும்போது 'அரை இஞ்ச் நிப்பிள்' என்று மட்டும் எழுதாதீர்கள். அளவு, பி.எஸ்.பி.யா என்.பி.டி.யா, நேர் மரையா சரிவு மரையா, வெளி மரையா உள் மரையா, இவ்வளவும் அந்த ஒரு வரியில் இருக்க வேண்டும்: 'அரை இஞ்ச், என்.பி.டி., சரிவு மரை, இரண்டு பக்கமும் வெளி மரை.'